மேற்படி காலத்துக் கழிப்பறை

ஒரு குடிமகள் தன் வீட்டுக் கொல்லையில் கழிப்பறை கட்டிக்கொள்ள விரும்புவது சட்டப்படி குற்றமன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் நிகழ்ச்சிகளைப் படிக்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரக்கூடும்.

பெரியபட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் இடையில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, கிளிஞ்சல்மேடு என்றொரு ஊர் இருக்கிறது. வீடுகள் அறுபது; ஆடுகள் அதற்கு மேல்; மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். ஊருக்குக் கிழக்கே உள்ள மண்மேட்டை நான்கு வருடத்துக்கு முன் தோண்டினார்கள். பானை ஓடுகள், சங்கு வளையல் துண்டுகள், ஓர் உறைகிணறு ஆகியவை கிடைத்தன. தோண்டியவர்கள் கிடைத்ததை அளந்து, படம் பிடித்து, சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, குழியை ஒழுங்காக மூடிவிட்டுப் போனார்கள். போகும்போது, மேட்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள் யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று ஒரு நீலப் பலகையை நட்டார்கள்.

சேதுலட்சுமியின் வீட்டு வாசல் நூற்றிரண்டாவது மீட்டரில், அதாவது நிகழ்காலத்தில் இருந்தது. கொல்லை தொண்ணூற்றாறாவது மீட்டரில், பழங்காலத்தில் கிடந்தது. பல் விளக்கப் பழங்காலத்துக்குப் போய்விட்டு, காப்பி குடிக்க நிகழ்காலத்துக்குத் திரும்பி வருவாள். இதில் அவளுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை, பரமக்குடியிலிருந்து சம்பந்தியம்மாள் முருகலட்சுமியின் போன் வரும்வரைக்கும்.

"மதினி, சத்யப்பிரியாவுக்கு மூணு மாசம் ஆயிருச்சு. வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்புறது முறை. நான் முறைக்குக் குறுக்க நிக்கல. ஆனா புள்ளத்தாச்சி கருவேலங்காட்டுக்குள்ள ஒதுங்குறத நெனச்சா எனக்குக் கஞ்சி இறங்க மாட்டேங்குது. ஒரு கக்கூஸக் கட்டிட்டுச் சொல்லுங்க. நானே கார் வச்சுக் கொண்டாந்து விடுறேன்."

"கட்டிருவோம் மதினி."

"உக்கார்ர மாதிரி. குத்தவைக்கிறது வேண்டாம்."

"உக்கார்ர மாதிரியே கட்டிருவோம்."

"கட்டலைன்னா பிரசவம் இங்கனயே. அப்புறம் உங்க மகளை அனுப்பலைன்னு என்னைக் குறை சொல்லக் கூடாது."

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்பதை அறுபது வீட்டு ஊர்க்காரியான சேதுலட்சுமிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போனாள்.

கடலோர மரபுச் சின்னங்கள் பராமரிப்பு வட்ட அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. வட்ட அலுவலர் குருநாதன் நல்ல மனிதர். விதியில் இல்லாத எந்தக் கெடுதலையும் அவர் யாருக்கும் செய்ததில்லை.

"தடையின்மைச் சான்று வாங்கணும். மனுவோட வரைபடம் அல்லது மாதிரி இணைக்கணும்" என்றார்.

"வரைபடத்துக்கு இஞ்சினியர்ட்டப் போகணுமே அய்யா. மாதிரின்னா?"

"மேடு, குழி, உறைகிணறு எல்லாம் எங்க இருக்கு, நீங்க கட்டப்போறது எங்க வரும், எப்படி இருக்கும்னு பார்த்தாத் தெரியணும். அட்டையில செய்யலாம், மரத்துல செய்யலாம். எதுல செய்யணும்னு விதி சொல்லலை."

விதி சொல்லாதது சேதுலட்சுமிக்கு வசதியாகப் போயிற்று. அவள் வேலை பார்த்த நண்டுக் கம்பெனியில், மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வருகிற றஜிதா என்றொரு சிநேகிதி இருந்தாள். நண்டு வரத்து இல்லாத நாட்களில் இருவரும் கொக்கி ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைத் தொப்பி, செல்போன் உறை, சாமி படத்துக்கு மாலை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பின்னுவார்கள். இப்போது ஒரு தொல்லியல் களத்தைப் பின்னத் தொடங்கினார்கள். குழி வெட்டும்போது அங்கே கூலிக்கு மண் சுமந்தவள் என்பதால், எந்த உறை எத்தனை விரற்கடை என்பதுகூடச் சேதுலட்சுமிக்கு நினைவிருந்தது.

"அக்கா, மேட்டுக்கு மண் நிறம் காணாது. பாதியில பச்சைக்கு மாறுவமே?"

"மாறு. கருவேலம்னு நெனச்சுக்கிருவாக."

"கக்கூஸ் கதவுக்கு என்னட்ட நீலம்தான் மிச்சம். தொப்பி பின்னினது."

"நீலமே இருக்கட்டும்."

"கொமேட்டுக்கு மூடியும் போடுறதே?"

"போடு. சம்பந்தி கேப்பா."

"எல்லாம் போட்டு முடிச்ச பிறகு, உல்லன்லயும் கட்டக் கூடாதெண்டு உங்கட ஒபிசர் சொல்லப்போறார், பாருங்கோ."

மாதிரி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வந்தது. மேடு இருந்தது, குழி இருந்தது, ஐந்து உறைகள் கொண்ட கிணறு இருந்தது. கொல்லையில் கட்டைவிரல் உயரத்துக்குக் கழிப்பறை. நீலக் கதவு, காற்றுப் போக மூன்று வட்ட ஓட்டைகள், உள்ளே சுண்டுவிரல் நகமளவில் வெள்ளைக் கொமேட்டு. மூடியைத் திறந்து மூடலாம். பின்பக்கம் ஒரு நூல் முனையை வெட்ட மறந்துபோனார்கள்.

இந்த இடத்தில் அந்த அலுவலகத்தின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பதிவேடுகள் இரண்டு. காகிதமாக வருவது தபால் பதிவேட்டில் ஏறும். காகிதமல்லாதது அரும்பொருள் பதிவேட்டில் ஏறும். உலகத்தில் மூன்றாவது வகைப் பொருள் உண்டு என்பதை அலுவலகம் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை. சுவர்க்கடிகாரம் அரும்பொருள் எண் 88. அதன்படி எழுத்தர் வீரமணி, சேதுலட்சுமியின் மனுவைத் தபாலிலும் மாதிரியை அரும்பொருளிலும் பதிந்தார். எண் 413. பொருள்: நூலால் ஆன ஊர் மாதிரி. கிடைத்த இடம்: கிளிஞ்சல்மேடு, மனுதாரர் கொல்லை. அதற்கப்பால் ஆழம், காலம் என்று இரண்டு கட்டங்கள். கட்டங்களைக் காலியாக விடக் கூடாது என்பது தணிக்கையாளர் போன வருடம் எழுப்பிய ஆட்சேபம். மேல் வரிசையில் ஒரு கறுப்பு சிவப்புப் பானை ஓடு இருந்தது. ஆழம் இரண்டரை மீட்டர், காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. வீரமணி இரண்டு கட்டத்திலும் அரசு ஊழியர்கள் எல்லோரும் எழுதுவதையே எழுதினார்: மேற்படி.

குருநாதன் கையெழுத்திட்டார். இது தை மாதம்.

மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மாதங்களில் சேதுலட்சுமி ஆறு முறை மாடி ஏறினாள். ஆறு முறையும் கோப்பு மேலே போயிருப்பதாகச் சொன்னார்கள். மாடிக்கு மேலே மொட்டைமாடிதான் இருந்தது. ஏழாம் மாத வளைகாப்பு, நாள் சரியில்லை என்ற காரணத்தால் ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. நாளைச் சரியில்லை என்று சொன்னது ஜோசியர் அல்ல, முருகலட்சுமி.

சித்திரைக் கடைசியில் சென்னையிலிருந்து அருந்ததி என்ற அம்மையார் வந்தார். அவர் மரபு அனுபவ ஆலோசகர். அதாவது, மக்கள் மரபைப் பார்க்கும்போது அவர்களுக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பவர். அலமாரியில் எண் 413ஐக் கண்டதும் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"சார், இது கி.மு. மூன்றாம் நூற்றாண்டா?"

குருநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்படித்தான் பதிவாகியிருக்கு."

"உல்லன் நூல் மாதிரி இருக்கிறதே."

"அப்படிச் சந்தேகம் எதுவும் பதிவாகலை."

"கையெழுத்து உங்களுடையதா?"

"என்னுடையதுதான்."

அன்று பிற்பகல் குருநாதன் தீவிரமாக யோசித்தார். பதிவேட்டைத் திருத்த வேண்டுமென்றால் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் குற்றக் குறிப்பாணை வரும். குறிப்பாணை வந்தால் பதவி உயர்வு நிற்கும். வரலாற்றைத் திருத்துவதற்கோ யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது. அவர் வரலாற்றைத் திருத்தினார்.

மாதிரியைக் களத்தோடும், தோண்டியபோது எடுத்த படங்களோடும் ஒப்பிட ஒரு குழு அமைக்கப்பட்டது. மேடு சரியாக இருந்தது. குழி சரியாக இருந்தது. உறைகிணற்றில் உறைகள் ஐந்தென்பதும் சரியாக இருந்தது. மாதிரியில் இருந்து களத்தில் இல்லாதது கழிப்பறை ஒன்றுதான். இத்தனை துல்லியமாகச் செய்தவர்கள் அது ஒன்றை மட்டும் கற்பனையாகச் செய்திருப்பார்களா என்று குழு கேட்டது. குழுவே மாட்டார்கள் என்று பதிலும் சொன்னது. சேதுலட்சுமியை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"இந்தக் கட்டடம் உங்க கொல்லையில இருந்ததா?" என்றார் குருநாதன்.

"இருக்கப்போறது சார். அதுக்குத்தான மனுப் போட்டேன்."

"இருந்ததா, இல்லையா? இருக்கப்போறதுக்குக் கட்டம் இல்லை."

"இது நாங்க பின்னுனது சார். நானும் றஜிதாவும்."

"எப்ப?"

"தை மாசம்."

"எந்த நூற்றாண்டுத் தை?"

"நான் இருக்கிற நூற்றாண்டுதான் சார்."

வீரமணி அவளுடைய வாக்குமூலத்தை இவ்வாறு பதிந்தார்: இப்பின்னல் மரபு அவ்வூர்ப் பெண்களிடையே இன்றளவும் அறுபடாமல் தொடர்வதற்கு மனுதாரரே சான்றாவார்.

வைகாசியில் கொல்லையைத் தோண்டினார்கள். எட்டடி நீளம், நாலடி அகலம், ஆறடி ஆழம். சேதுலட்சுமி நிகழ்காலத்தில் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள். குழி வெட்ட வந்த மூக்கையா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இது அச்சு அசல் செப்டிக் டேங்க் அளவு."

"தெரியுது அண்ணே. அவுகளுக்குத் தெரியவேண்டாம். வெட்டுங்க."

எதுவும் கிடைக்கவில்லை. அறிக்கையில் குருநாதன் எழுதினார்: 'கழிப்பறையின் எந்தத் தடயமும் காணப்படவில்லை. அக்காலத்தில் அது எவ்வளவு தூய்மையாகப் பராமரிக்கப்பட்டது என்பதை இது ஐயத்திற்கிடமின்றி உணர்த்துகிறது.'

அறிக்கை வெளியே போனதும் நாடு நிமிர்ந்து உட்கார்ந்தது. உட்கார்கிற கழிப்பறை மேல்நாட்டாருடையது என்றுதானே இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தோம். முத்துக்கும் மிளகுக்கும் கப்பலில் வந்த யவனர்கள் இதையும் பார்த்துவிட்டுப் போய்த்தான் அங்கே கட்டிக்கொண்டார்கள் என்று ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் முடிவாயிற்று. நான்கு பேர் பேசினார்கள். உலகிலேயே முதல் கழிப்பறை நம்முடையது என்றார்கள் மூவர். உலகம் தோன்றுமுன்பே நம்மிடம் கழிப்பறை இருந்தது என்றார் நான்காமவர். நூலில் நைலான் கலந்திருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்ட ஒரு நேயரிடம், நீங்கள் எந்த ஊர், உங்கள் பூர்வீகம் என்ன என்று கேட்டார்கள். அவர் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் 'தமிழன்டா' என்று செய்தி அனுப்புகிற நம் உறவினர்கள், அன்று அதோடு ஒரு கொமேட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். நாமும் அதை ஏழு பேருக்கு அனுப்பினோம்.

நகரங்களில் தொல்பின்னல் வகுப்புகள் தொடங்கின. அருந்ததி அம்மையார் தாமே பாடத்திட்டம் வகுத்தார். முதல் வாரம் முழுப் பானை பின்னுவது. இரண்டாம் வாரம் அதைக் கத்தரியால் வெட்டி ஓடாக்குவது. மூன்றாம் வாரம் ஓட்டைச் செம்மண்ணில் புதைப்பது. நான்காம் வாரம் தோண்டி எடுத்து வியப்பது. மதுரையில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு பின்னல் உறைகிணறு கொடுத்தார்கள். காதில் முதுமக்கள் தாழி ஜிமிக்கி போட்டுக்கொண்டு பெண்கள் அலுவலகம் போனார்கள்.

அலுவலகங்களும் பின்தங்கவில்லை. இனி எந்தச் சான்றுக்கும் மனுவோடு பின்னல் மாதிரி இணைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பருத்தி நூலில், கைப்பட, இருபதில் ஒரு பங்கு அளவில். பாம்பன்காரர்கள் தங்கள் படகை நூலில் பின்னிக்கொண்டு பதிவுக்கு வந்தார்கள். வாரிசுச் சான்றுக்கு வந்த ஒருவர் இறந்துபோன தகப்பனாரைப் பின்னி எடுத்துவந்தார். மீசை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் மேசையில் பேனாவுக்குப் பக்கத்தில் கொக்கி ஊசி வந்தது. வரிசையில் நின்ற மீசைக்காரர்கள், "ஏலே, இங்கன ஒரு கண்ணி விட்டுப்போச்சு, பாரு" என்று ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள்.

றஜிதா ஊசியைக் கீழே வைக்க நேரமில்லாமல் பின்னினாள்.

"முகாமில எங்கட வீட்டுக் கூரை ஒழுகுதெண்டு அப்பா முப்பது வருசமா மனு எழுதினவர் அக்கா" என்றாள். "எழுதினதுதான் பிழை. பின்னியிருக்க வேணும்."

ஆனி பிறந்தது. துறை இயக்குநர் ஒருவர் களத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பார்வையிட ஏதாவது இருக்க வேண்டுமே என்பதற்காக, கழிப்பறையை மீளுருவாக்கம் செய்ய உத்தரவாயிற்று. நூறு மீட்டருக்குள் கட்டக் கூடாதே என்று ஒருவர் கேட்டார். கட்டுவது வேறு, மீளுருவாக்குவது வேறு என்று குருநாதன் விளக்கினார். மீளுருவாக்கத்துக்குச் செங்கல், சிமெண்டு, மணல், கொத்தனார் ஆகியவை மட்டுமே தேவைப்பட்டன. நீலக் கதவு வந்தது. மூன்று வட்ட ஓட்டைகள் வந்தன. மூடியோடு வெள்ளைக் கொமேட்டு வந்தது. தோண்டிய குழி வீணாகாமல் அதன் மேலேயே வந்தது. மாதிரியின் பின்பக்கம் தொங்கிய நூல் முனை என்னவென்று அரைநாள் ஆலோசித்து, அது தண்ணீர்க் குழாய் என்று கண்டுபிடித்து, குழாயும் இழுத்தார்கள். பதினெட்டே நாளில் வேலை முடிந்தது.

சேதுலட்சுமி மறுபடி மாடி ஏறினாள்.

"அப்ப என் மனு, சார்?"

"நிராகரிச்சாச்சு. ஏற்கெனவே தொன்மையான கழிப்பறை ஒண்ணு இருக்கிற இடத்துல, பக்கத்துலயே புதுசு கட்ட அனுமதிக்க முடியாது."

"அது நான் கேட்ட கக்கூஸ்தானே சார்?"

"நீங்க கேட்டது உபயோகத்துக்கு. இது பார்வைக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிலம் உங்களுது. அதனால உங்களையே காவலராப் போட்டிருக்கேன். சாவி உங்கட்ட இருக்கும். ஆணையை நல்லாப் படிச்சுக்கங்க."

அவள் நல்லாப் படித்தாள். விதி நான்கு: தடையின்மைச் சான்று இல்லாத எவரும், எக்காரணம் கொண்டும், உள்ளே அமரக் கூடாது. விதி ஒன்பது: காட்சிப்பொருள் இயங்கும் நிலையில் உள்ளதைக் காவலர் நாள்தோறும் உறுதிசெய்ய வேண்டும். ஒன்பதாவது விதியை இரண்டு முறை படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்தே பரமக்குடிக்குப் போன் போட்டாள்.

நான்காம் நாள், வளைகாப்பு முடிந்த கையோடு, கார் வந்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்யப்பிரியா இறங்கினாள். முருகலட்சுமி மருமகளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனார். கதவைத் திறந்து பார்த்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்த்தார். வெளியே வந்து, கதவருகே நட்டிருந்த புதுப் பலகையை வாசித்தார்.

"மதினி, ரெண்டாயிரத்து முந்நூறு வருசம்னு போட்டிருக்கு?"

"ஆமா மதினி."

"யாரு யாரு போனதோ. நல்லாக் கழுவிட்டீகளா?"

"ரெண்டு தடவை கழுவிட்டேன்."

"புதுசாவே கட்டியிருக்கலாம். சரி, மூடி இருக்கு. போதும்."

அன்றிலிருந்து விதி ஒன்பது, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நிறைவேறியது. புள்ளத்தாச்சி அல்லவா.

திறப்பு விழா அன்று நல்ல வெயில். பந்தல் போட்டிருந்தார்கள். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நான்கு பஸ்களில் மரபு ஆர்வலர்கள் வந்து இறங்கி, கழிப்பறைக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். றஜிதா ஓரமாகப் பாய் விரித்துப் பின்னல் கழிப்பறைகளை விற்றாள். இயக்குநர் நாடாவை வெட்டி, இளநீர் மூன்று குடித்து, நம் முன்னோர் எதையும் அடக்கியாளத் தெரிந்தவர்கள் என்ற பொருளில் நாற்பது நிமிடம் பேசினார். முப்பதாவது நிமிடத்திலிருந்து ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார்.

மேடையை விட்டு இறங்கியதும் குருநாதனின் காதில் ஏதோ சொன்னார். குருநாதன் சேதுலட்சுமியிடம் வந்தார்.

"சாவியக் குடும்மா. அய்யாவுக்கு அவசரம்."

"சான்று இருக்கா சார்?"

"அம்மா, அவர் இயக்குநர்."

"விதி நாலுல 'எவரும்'னு போட்டிருக்கே சார். நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீக."

பத்திரிகைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருநாதன் நேர்மையான மனிதர். தன் கையெழுத்தைத் தானே மீற அவருக்குத் தைரியமில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, இயக்குநர் தமக்குத் தாமே ஒரு மனு எழுதினார். றஜிதாவிடம் ஒரு மாதிரி வாங்கி இணைத்தார்கள். வீரமணி பதிவேட்டைப் பிரித்து எண் போட்டு, காலம் என்ற கட்டத்துக்கு வந்ததும், கை பழகிய வழியிலேயே எழுதினார். மேற்படி.

"ஆட்சேபம் இருந்தா தெரிவிக்க, பொதுமக்களுக்கு முப்பது நாள் கொடுக்கணும் சார்" என்றார் குருநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போது பின்வாசல் வழியாகச் சத்யப்பிரியா இடுப்பில் கை வைத்தபடி மெல்ல நடந்து வந்தாள். சேதுலட்சுமி கூட்டத்தை விலக்கி, பூட்டைத் திறந்து, அவளை உள்ளே விட்டு, நீலக் கதவைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றாள்.

"அது யாரு?" என்றார் இயக்குநர். அவருடைய குரல் மிக மெல்லியதாகிவிட்டிருந்தது.

"விதி ஒன்பது சார். இயங்குதான்னு பாக்கோம்."

உள்ளே தண்ணீர் இறங்கும் ஓசை கேட்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்குப் பிறகும் ஓடுகிறதே என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக அக்கம்பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். நான்கு பஸ்களில் வந்த கூட்டம். மூன்று மணிநேரத்துக்குக் குறையாத பயணம். எல்லோரும் இளநீர் குடித்திருந்தார்கள். அருந்ததி அம்மையார்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது?"

சேதுலட்சுமி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேட்டுக்கு அப்பால் கருவேலங்காட்டைக் காட்டினாள். இயக்குநர் ஏற்கெனவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டிருந்தார்.

"அங்கன போங்க. முள்ளு பாத்து. அது இன்னும் எந்தப் பதிவேட்டுலயும் ஏறல."